தொடக்கநிலை இலத்தீனுக்கு ஒரு தேர்வுத்தாள் – கடிதமும் பதிலும்

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். இலத்தீன் இலக்கணம் குறித்துத் தாங்கள் எழுதிவரும் குறிப்புகளைத் தொடர்ந்து வாசித்து வருகிறேன். நான் ஒரு குருமடத்தில் (கத்தோலிக்கக் குருக்களாகப் பயில்வோருக்கான கல்விக்கூடத்தில்) முதலாண்டு மாணவர்களுக்கு இலத்தீன் கற்பிக்கிறேன். அரையாண்டுத் தேர்வில் பாதி மதிப்பெண்ணுக்கு வேற்றுமை அட்டவணைகளையும் வினை அட்டவணைகளையும் எழுதச் சொன்னேன். மறுபாதிக்கு யோவான் நற்செய்தியின் முதல் அதிகாரத்திலிருந்து ஒரு பகுதியை ஆங்கிலத்தில் மொழிபெயர்க்கச் சொன்னேன். மொழிபெயர்ப்பில் ஏறக்குறைய முழு மதிப்பெண் வாங்கிய மாணவர் ஒருவரிடம், அதே பகுதியில் வரும் ஒரு சொல் எந்த வேற்றுமையில் நிற்கிறது என்று பிறகு கேட்டபோது அவரால் சொல்ல முடியவில்லை. அட்டவணைகளை ஒரு பிழையுமின்றி எழுதிய இன்னொருவரோ மொழிபெயர்ப்பைத் தொடவே இல்லை. இரண்டில் எதற்குக் கூடுதல் மதிப்பெண் ஒதுக்குவது? தேர்வில் அகராதியை அனுமதிக்கலாமா? பலவுள் தெரிவு வினாக்கள் என்றால் திருத்துவது எளிது. அவை மட்டுமே போதுமா?

அன்புடன்,
அ.

அன்புள்ள அ. அவர்களுக்கு,

மதிப்பெண்ணை எப்படிப் பங்கிட்டாலும் இந்தத் தாள் அதே முடிவைத்தான் தந்திருக்கும். யோவான் முதல் அதிகாரத்தைத் தமிழிலும் ஆங்கிலத்திலும் சிறுவயதிலிருந்து கேட்டு வளர்ந்தவர்கள் உங்கள் மாணவர்கள். முதல் இரண்டு சொற்களை அடையாளம் கண்டதுமே மீதியை நினைவிலிருந்து எழுதிவிடுவார்கள். அட்டவணையும் அப்படித்தான். ராகம் போட்டு ஒப்பித்த வரிசையை அதே வரிசையில் இறக்கி வைப்பதற்கும், ஒரு வாக்கியத்தின் நடுவே அந்த உருபைக் கண்டு அதன் வேலையைச் சொல்வதற்கும் வேறுவேறு பயிற்சி தேவைப்படுகிறது. ஆகவே உங்கள் தாளின் ஒரு பாதி விவிலிய நினைவையும் மறுபாதி மனப்பாடத்தையும் அளந்திருக்கிறது. இரண்டுக்கும் நடுவில் இருக்கவேண்டிய இலத்தீன் அளக்கப்படவே இல்லை.

தொடக்கநிலை மாணவருக்கான மொழிபெயர்ப்பு வாக்கியத்தை அமைக்கும்போது நான் ஒன்றைத்தான் முதலில் பார்ப்பேன்: சொற்பொருள் மட்டும் தெரிந்த, இலக்கணம் அறவே தெரியாத ஒருவர் இதைச் சரியாக ஊகித்துவிட முடியுமா? முடியுமென்றால் அந்த வாக்கியம் தேர்வுக்கு ஆகாது. 'தொமினும் செர்வுஸ் வொகத்' என்பதை எடுத்துக்கொள்ளுங்கள். (உங்கள் குருமடத்தில் திருச்சபை ஒலிப்பைப் பின்பற்றுவீர்கள், நான் இங்கே பழைய உரோமை ஒலிப்பின்படி குறில் நெடில் காட்டி எழுதுகிறேன்.) எசமான், அடிமை, அழைத்தல் என்ற மூன்று பொருளும் தெரிந்த மாணவர் உலக வழக்கத்தையும் சொல்வரிசையையும் நம்பி 'எசமான் அடிமையை அழைக்கிறான்' என்று எழுதுவார். உருபைப் பார்த்தவர் மட்டுமே 'அடிமை எசமானை அழைக்கிறான்' என்று எழுதுவார். இரண்டுமே நடக்கக்கூடியவை என்பதுதான் இவ்வாக்கியத்தின் பயன். சிறுவன் நாயைக் கடிப்பதுபோன்ற வாக்கியங்களைச் சிலர் வேண்டுமென்றே வைப்பார்கள். ஆனால் சரியாக வாசித்த மாணவரும் அங்கே தன்மேல் ஐயம் கொண்டு விடையை மாற்றி எழுதிவிடுகிறார்.

விவிலியத்தை விட்டுவிட வேண்டிய அவசியமும் இல்லை, சற்றுக் குலைத்துத் தரலாம். யோவான் 1:10-இன் இறுதியில் 'உலகு அவரை அறிந்துகொள்ளவில்லை' என்று பொருள்படும் 'முந்துஸ் எஉம் நோன் கொக்னோவித்' வருகிறது. அதை 'முந்தும் நோன் கொக்னோவித்' என்று மாற்றிக் கொடுங்கள்: 'அவர் உலகை அறிந்துகொள்ளவில்லை'. நினைவிலிருந்து எழுதுபவர் அந்த இடத்திலேயே பிடிபடுவார். உங்கள் குருமடத்து இறையியல் பேராசிரியர் முகம் சுளித்தால், இது இலக்கணத் தேர்வு என்று சொல்லிக்கொள்ளலாம்.

இன்னும் நுட்பமாகச் சோதிக்க விரும்பினால், ஒரே எழுத்து மாறும் இணை வாக்கியங்களை அடுத்தடுத்து வையுங்கள். 'புவெல்லை ரொஸாஸ் தந்த்' என்றால் 'சிறுமிகள் ரோஜாக்களைத் தருகிறார்கள்'. வினையில் ஓர் ஒலியைக் குறைத்து 'புவெல்லை ரொஸாஸ் தத்' என்று எழுதினால், எந்த மாற்றமும் இல்லாமல் நிற்கும் அதே 'புவெல்லை' இப்போது 'சிறுமிக்கு' என்று ஆகிவிடுகிறது. எழுவாய் வினைமுற்றுக்குள் ஒளிந்துகொள்கிறது. (ஐகாரத்தில் முடிவதால் தமிழ்க் காதுக்கு இது இரண்டாம் வேற்றுமைபோல் கேட்கும் என்பது வேறு வேடிக்கை.) வினையின் ஈற்றைப் பார்த்தபின்தான் பெயரின் வேற்றுமையை முடிவுசெய்ய முடியும் என்பதை இந்த இரண்டு வரிகள் ஒரு பக்க விளக்கத்தைவிட நன்றாகச் சோதித்துவிடும். ஆனால் விடைக்குறிப்பு எழுதும்போது கவனமாக இருங்கள். இரண்டாவது வாக்கியத்தை 'சிறுமியின் ரோஜாக்களைத் தருகிறான்' என்றும் வாசிக்க இடமுண்டு, ஏனெனில் ஆறாம் வேற்றுமையும் அதே வடிவந்தான். அப்படி எழுதிய மாணவருக்கு முழு மதிப்பெண் தரவேண்டும்.

விடையை எந்த மொழியில் எழுதச் சொல்வது என்று நீங்கள் கேட்கவில்லை. உங்கள் தாளில் நான் முதலில் மாற்றுவது அதைத்தான். தமிழ் மாணவர்களுக்குத் தமிழில் எழுதவைப்பதே முறை. ஆங்கிலத்தில் வேற்றுமை பெரும்பாலும் சொல் நிற்கும் இடத்தால் தெரிகிறது. ஆகவே மாணவர் உருபைப் பார்த்தாரா, ஆங்கில வாக்கியத்தை ஒப்பேற்றினாரா என்பது விடையிலிருந்து தெரியாது. தமிழிலோ 'எசமானை' என்று எழுதினாரா 'எசமான்' என்று எழுதினாரா என்பது வெளிப்படை. 1983-ஆம் ஆண்டுத் திருச்சபைச் சட்டத் தொகுப்பின் 249-ஆம் விதி, குருமாணவர்கள் இலத்தீனை நன்கு அறிந்திருக்க வேண்டும் என்று சொல்லும் அதே மூச்சில் அவர்களுக்குத் தாய்மொழியைச் செம்மையாகக் கற்பிக்க வேண்டும் என்றும் சொல்கிறது. எனவே மேலிடத்தில் கேள்வி வந்தாலும் உங்களிடம் விடை இருக்கிறது.

தமிழில் எழுதவைப்பதில் ஒரு தனி வசதியும் உண்டு. சொற்பொருள் மறந்துபோன மாணவரிடம், அந்த இடத்தில் கோடிட்டு உருபை மட்டும் எழுதுமாறு சொல்லலாம். '____-க்கு ____-களைத் தருகிறான்' என்று ஒருவர் எழுதியிருந்தால் அவருக்குச் சொல்வளம் போதவில்லை, இலக்கணம் தெரியும் என்று உடனே அறிந்துகொள்கிறீர்கள். அதற்குரிய மதிப்பெண்ணையும் தயங்காமல் கொடுக்கலாம். அட்டவணையை எழுதிவிட்டு மொழிபெயர்ப்பைத் தொடாமல் போன உங்கள் மாணவர் இந்த ஏற்பாடு இருந்திருந்தால் ஏதாவது எழுதியிருப்பார்.

தமிழ் மறைத்துவிடும் இடங்களும் இருக்கின்றன. அவற்றுக்கு முன்கூட்டியே அறிவிப்புத் தரவேண்டும். 'தண்ணீர் குடித்தான்' என்று நாம் ஐ உருபை விட்டுவிடுவது வழக்கம். தேர்வில் 'தண்ணீரை' என்றே எழுதவேண்டும் என்று சொல்லிவிடுங்கள். இலத்தீனில் ஒரே ஐந்தாம் வேற்றுமை வடிவம் தமிழின் ஆல், ஓடு, இல், இருந்து ஆகிய நான்கின் வேலையையும் பார்க்கிறது. இதைச் சோதிக்க 'இன் சில்வா குர்ரித்', 'இன் சில்வம் குர்ரித்' என்று ஓர் இணை போதும். முன்னது 'காட்டில் ஓடுகிறான்', பின்னது 'காட்டுக்குள் ஓடுகிறான்'.

நெடிலைக் குறிக்கும் மேற்கோட்டைத் தாளில் அச்சிடுவதா என்ற கேள்வி தொடக்கநிலையில் பெரியது. 'வெனித்' என்றால் வருகிறான், 'வேனித்' என்றால் வந்தான். மேற்கோடு இல்லாத அச்சில் இரண்டும் ஒன்றுபோலவே இருக்கும். யோவான் 1:11-இல் இந்தச் சொல் வருகிறது. அடுத்து வரும் 'ரெகேபேருந்த்' இறந்தகாலம் என்பதைக் கொண்டே அது 'வேனித்' என்று துணிகிறோம். முதலாண்டு முழுவதும் மேற்கோட்டை அச்சிடுங்கள். அதை விடுவதாக இருந்தால், சூழலில் துப்பு கிடைக்கும் வாக்கியத்தில் மட்டும் விடுங்கள். தமிழில் எகர ஏகாரங்களைப் பிரித்து எழுதும் முறையை ஏற்படுத்தியவர் வீரமாமுனிவர் என்று மரபாகச் சொல்லப்படுகிறது. தமிழின் பேச்சுவழக்குக்கு இலத்தீனில் இலக்கணம் எழுதியவரும் அவர்தான்; அது 1738-இல் தரங்கம்பாடியில் அச்சேறியது. அவருடைய சபையைச் சேர்ந்த குருமடங்களில்கூட இந்தக் குறில் நெடிலை அலட்சியமாக விடுவது எனக்குப் பொறுப்பதில்லை.

அட்டவணையை நான் வெறுப்பவன் அல்லன். அதை வாரந்தோறும் ஐந்து நிமிட வாய்மொழித் தேர்வாக வைத்து அங்கேயே முடித்துவிட வேண்டும். பெருந்தேர்வில் அதன் இடத்துக்கு மாற்று வாக்கியங்கள் வரட்டும்: 'செர்வுஸ் தொமினும் வொகத்' என்பதைப் பன்மைக்கு மாற்றுக என்றால் 'செர்வீ தொமினோஸ் வொகந்த்' என்று மூன்று சொல்லையும் மாற்றியாக வேண்டும். முழு வாக்கியத்தைத் தமிழிலிருந்து இலத்தீனுக்குக் கொண்டுபோகச் சொல்வது முதல் அரையாண்டில் சற்றுக் கடுமை. இங்கிலாந்தில் 16 வயது மாணவர்கள் எழுதும் ஜிசிஎஸ்இ இலத்தீன் தேர்வுகளில் ஓ.சி.ஆர். வாரியத்தின் மொழித்தாள் இதற்கு ஒரு நல்ல ஏற்பாடு வைத்திருக்கிறது: மாணவர் மூன்று சிறு ஆங்கில வாக்கியங்களை இலத்தீனில் எழுதலாம், அல்லது ஒரு சிறு இலத்தீன் பகுதியில் வரும் சொற்களின் இலக்கணம் குறித்த கேள்விகளுக்கு விடையளிக்கலாம்.

பெயரடை இயைபை, அதாவது பெயரடை தன் பெயரின் பால், எண், வேற்றுமைக்கு ஏற்ப மாறுவதைத் தனியே சோதியுங்கள், ஏனென்றால் தமிழ்ப் பெயரடை எதனோடும் இயைந்து மாறுவதில்லை. நம் மாணவர்கள் மிக அதிகமாகச் சறுக்குவது அங்கேதான். நல்ல உழவன் 'அக்ரிகொல பொனுஸ்'; பெண்பாற்சொற்கள்போல் அகரத்தில் முடிந்தாலும் 'அக்ரிகொல' ஆண்பால். ஒலியொப்புமையை நம்பி 'அக்ரிகொல பொன' என்று எழுதுபவரை இந்த ஒரு தொடரே காட்டிக்கொடுக்கும். ஆனால் பெயரும் அடையும் தள்ளித் தள்ளி நிற்கும் வாக்கியங்களை இப்போது வேண்டாம். 2013 பிப்ரவரி 11 அன்று திருத்தந்தை பதினாறாம் பெனடிக்ட் தம் பணிவிலகலை இலத்தீனில் அறிவித்தபோது, 'மினிஸ்தெரியோ' என்ற சொல்லோடு இயையவேண்டிய 'கொம்மிஸ்ஸோ', இடையில் பல சொற்கள் புகுந்ததால் 'கொம்மிஸ்ஸும்' என்று வந்ததை அறிஞர்கள் சுட்டிக்காட்டினார்கள். அந்தத் தொலைவை முதலாண்டு மாணவர்மேல் சுமத்தக்கூடாது.

திருத்தும்போது ஒரே பிழைக்கு ஒருமுறை மட்டும் மதிப்பெண் குறையுங்கள். எழுவாயைப் பன்மை என்று தவறாகக் கொண்டவர் வினையையும் பன்மையில் எழுதியிருந்தால் அது இரண்டாவது பிழை அன்று. பலவுள் தெரிவு வினாக்களைத் தாளின் சிறுபகுதியாக வைக்கலாம். அமெரிக்காவின் தேசிய இலத்தீன் தேர்வு பெரும்பாலும் 40 பலவுள் தெரிவு வினாக்களால் ஆனது. நாடு முழுவதும் நடத்துபவர்களுக்கு வேறு வழியில்லை. ஒரு வகுப்பை வைத்திருக்கும் உங்களுக்கு அந்த நெருக்கடி இல்லை. அகராதி வேண்டாம்: தலைச்சொல்லை ஊகிக்கத் தெரியாதவர் அதைப் புரட்டியே நேரத்தைத் தொலைப்பார். வகுப்பில் கற்பிக்காத சொற்களுக்குத் தாளின் ஓரத்திலேயே பொருள் கொடுத்துவிடுங்கள்.

உங்கள் கடிதத்தில் வரும் அந்த இருவருக்கும் மறுதேர்வு வைப்பதாக இருந்தால், மேலே சொன்ன இணை வாக்கியங்களில் நான்கைந்தை அமைத்து, ஒவ்வொன்றிலும் ஒரு சொல்லுக்கு அடிக்கோடிட்டு, 'இது ஏன் இந்த வேற்றுமையில் நிற்கிறது?' என்று ஒரு வரியில் எழுதச் சொல்லுங்கள். முதலாமவருக்கு அந்த ஒரு வரி கடினமாக இருக்கும். இரண்டாமவருக்கு அதுவே மொழிபெயர்ப்புக்குள் நுழையும் வாசலாகும். அரைமணி நேரம் போதும்.

அன்புடன்.