காது ஆராய்ச்சி பண்ண டாக்டருக்குத்தான் படிக்கணுமா?

கேள்வி: என் பொண்ணு பி.எஸ்சி. பிசிக்ஸ் கடைசி வருஷம் படிக்கிறா. அவ அப்பா விசைப்படகுல டிரைவர், இன்ஜின் சத்தத்துலயே கிடந்து இப்ப காது மந்தமாயிடுச்சு. அதைப் பார்த்துட்டு இவ காது பத்தி ஆராய்ச்சி பண்ணப்போறேன்னு நிக்கிறா. எம்.பி.பி.எஸ். இல்லாம அதெல்லாம் முடியாதுன்னு சொந்தக்காரங்க சொல்றாங்களே, நிஜமா?
- ஒரு வாசகி, கடலூர் முதுநகர்

பதில்: நிஜமில்லம்மா. காதுக்குள்ள சத்தம் எப்படி ஓடுதுன்னு முதல்ல நேர்ல பார்த்துச் சொன்னதே ஒரு பிசிக்ஸ்காரர்தான். ஜார்ஜ் வான் பெக்கெஷி, 1899ல புடாபெஸ்ட்ல பிறந்தவர், வேலை பார்த்தது ஹங்கேரி டெலிபோன் லேப்ல. போனை நல்லா பண்ணணும்னா கேக்குற காதைப் பத்தித் தெரியணுமேன்னு ஆரம்பிச்சு, இறந்தவங்களோட காதை எடுத்து, உள்ள சுருண்டு இருக்கிற காக்லியாவைத் திறந்து, அதுல இருக்கிற சவ்வு மேல வெள்ளிப்பொடி தூவி, மைக்ராஸ்கோப்ல பார்த்தாரு. சத்தம் சவ்வுல அலையா ஓடுது, கீச்சுக்குரல் ஆரம்பத்துலயே உச்சத்தைத் தொட்டு அடங்கிடுது, கனமான சத்தம் உள்ள நுனிவரைக்கும் போகுது. இதுக்குத்தான் 1961ல மருத்துவ நோபல். டாக்டர் இல்லாதவருக்கு மருத்துவ நோபல், இதை அந்தச் சொந்தக்காரங்ககிட்ட கண்டிப்பா சொல்லுங்க.

கதை அதோட முடியல. அவர் பார்த்தது செத்த காது. உயிருள்ள காது தானே சத்தத்தைப் பெருக்கிக்கணும், இல்லன்னா இவ்வளவு நுணுக்கமா கேக்கவே முடியாதுன்னு தாமஸ் கோல்ட் 1948லயே சொன்னாரு, அவரும் டாக்டர் இல்ல, பின்னாடி வானியலுக்குப் போனவர். யாரும் காதுல போட்டுக்கல. 30 வருஷம் கழிச்சு, 1978ல, லண்டன்ல டேவிட் கெம்ப், இவரும் பிசிக்ஸ்தான், காதுக்குள்ள ஒரு 'டிக்' சத்தம் அனுப்பி, சின்ன மைக்ல கேட்டா காதே மெலிசா ஒரு சத்தத்தைத் திருப்பி அனுப்புது! பிறந்த குழந்தைக்குக் காது கேக்குதான்னு இன்னைக்கு ஆஸ்பத்திரில தூங்குறப்பவே பார்க்கிற டெஸ்ட் இதுல இருந்து வந்ததுதான், எனக்கு இந்த விஷயத்துல ரொம்பப் பிடிச்சது இதுதான்.

உங்க பொண்ணுக்கு மிச்சம் வேலை இருக்கான்னா, நிறைய இருக்கு. காக்லியாவுக்குள்ள சத்தத்தை உணர்ற மயிர் செல் இருக்கு, சத்தத்தால அது செத்துட்டா மனுஷனுக்குத் திரும்ப முளைக்காது, பறவைக்கு முளைக்கும், இது 1980கள்லயே தெரிஞ்சு போச்சு, ஆனா நமக்கு முளைக்க வைக்க இன்னும் வழி கிடைக்கல.

படிப்புக்கு, ஜாம்ங்கிற நுழைவுத் தேர்வு எழுதி ஐஐடில எம்.எஸ்சி. பிசிக்ஸ், அப்புறம் சி.எஸ்.ஐ.ஆர். நெட் இல்லன்னா கேட் எழுதி நியூரோசயின்ஸ், பயோமெடிக்கல் பக்கம் பிஎச்.டி. ஜே.ஆர்.எஃப்.ங்கிற ஆராய்ச்சி உதவித்தொகை கிடைச்சா மாசாமாசம் பணமும் வரும். ஒண்ணு மட்டும் கவனம்: நோயாளிக்குக் காது டெஸ்ட் பண்ற ஆடியாலஜிஸ்ட் ஆகணும்னா அது வேற ரூட்டு, பி.ஏ.எஸ்.எல்.பி.ங்கிற பேச்சு, கேட்டல் டிகிரி தனியா முதல்ல இருந்து படிக்கணும், மைசூர்ல 1965ல இருந்து இருக்கிற அகில இந்திய பேச்சு கேட்டல் நிறுவனம் அதுக்குப் பேர் போனது. அவளுக்கு எது வேணும்னு இப்பவே உக்காந்து பேசிடுங்க.

வீட்டுக்காரரை விட்டுடாதீங்க. கடலூர் அரசு தலைமை ஆஸ்பத்திரிலயோ புதுச்சேரி ஜிப்மர்லயோ ஈ.என்.டி.ல காட்டி எவ்வளவு காது கேக்குதுன்னு பார்க்கிற ஆடியோகிராம் எடுங்க, போன கேக்குற திறன் திரும்ப வராது, ஆனா ஹியரிங் எய்டு உதவும். 85 டெசிபலுக்கு மேல தினம் 8 மணி நேரம் இருந்தாலே காதுக்கு ஆபத்து, டீசல் இன்ஜின் பக்கத்துல அதைத் தாண்டிடும். வெறும் பஞ்சு பத்தாது, காதை முழுசா மூடுற இயர் மஃப் வாங்கிக் குடுங்க, கூட வர்ற பசங்களுக்கும் சேர்த்து.