சீனாவின் தொழில்நுட்பமும் சமூகமும்: ஆராய்ச்சியை எங்கே தொடங்குவது?

திருச்சியிலிருந்து ஒரு மாணவர் கேட்கிறார்: "மெக்கானிக்கல் இன்ஜினியரிங் முடித்துவிட்டு இப்போது சமூகவியல் எம்.ஏ. இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். இன்றைய சீனாவில் அறிவியலும் தொழில்நுட்பமும் சமூகத்தை எப்படி மாற்றுகின்றன என்று பிஎச்.டி. செய்ய ஆசை. 'சீனாவில் ஏஐ-யும் கண்காணிப்பும்' என்று தலைப்பு நினைத்திருக்கிறேன். சீன மொழி தெரியாது. எங்கே தொடங்குவது? சீனாவுக்குப் போகாமல் இதைச் செய்ய முடியுமா?"

ஆசை நல்ல ஆசை. தலைப்புதான் பெரிது. சீனா, ஏஐ, கண்காணிப்பு என்ற மூன்றில் எதை எடுத்தாலும் ஒரு வாழ்நாளுக்குப் போதும். மூன்றையும் சேர்த்துக் கட்டினால் மற்றவர்கள் எழுதிய சுருக்கங்களைச் சுருக்கி எழுதுவதில்தான் போய் முடியும்.

சமூக நம்பக அமைப்பு (சோஷியல் கிரெடிட் சிஸ்டம்) என்று ஒன்றைக் கேள்விப்பட்டிருப்பீர்கள். சீனாவில் ஒவ்வொரு குடிமகனுக்கும் அரசு மதிப்பெண் போடுகிறது, அது குறைந்தால் ரயில் டிக்கெட் கிடைக்காது என்று உலகம் முழுக்கச் செய்தி வந்தது. 2014-இல் சீன அமைச்சரவை அதற்கான திட்ட வரைவை வெளியிட்டது உண்மை. ஆனால் உள்ளே போய்ப் பார்த்தால் ஒரே பெயரின் கீழ் பல தனித்தனி சங்கதிகள் கிடக்கின்றன. தீர்ப்பு வந்தும் கடனைக் கட்டாதவர்களின் பட்டியலை நீதிமன்றங்கள் வைத்திருக்கின்றன. விமான, அதிவேக ரயில் டிக்கெட் மறுப்பு பெரும்பாலும் அதிலிருந்து வருவது. நிறுவனங்கள் விதிகளை மதிக்கின்றனவா என்ற பதிவேடு வேறு. ஷான்டோங் மாகாணத்தின் ரொங்செங் நகரம் ஆளுக்கு 1,000 புள்ளியில் தொடங்கி நடத்திய உள்ளூர்த் திட்டம் வேறு. 2015-இல் அலிபே என்ற பணம் செலுத்தும் செயலியில் வந்த 'எள் மதிப்பெண்' (செஸமி கிரெடிட்) தனியார் நிறுவனத்தின் சரக்கு. நாடு முழுவதற்கும் ஒரே மதிப்பெண் என்று ஒன்று வரவே இல்லை. இவற்றில் ஏதாவது ஒன்றை மட்டும் பிடித்துப் படித்திருந்தால் இந்தக் குழப்பம் யாருக்கும் வந்திருக்காது.

ஆகவே என் முதல் ஆலோசனை: கையில் பிடிக்கும் அளவுள்ள ஒரு பொருளை எடுங்கள். அது யார் யார் கை வழியாகப் போகிறது என்று பின்தொடருங்கள். கண்காணிப்பில்தான் ஆர்வம் என்றால் கோவிட் கால 'சுகாதாரக் குறியீடு' போதும். அதையே எடுத்துக் காட்டுகிறேன்.

2020 பிப்ரவரி 11 அன்று ஹாங்ஜோ நகரில் அது நடைமுறைக்கு வந்தது. அலிபேயை நடத்தும் ஆன்ட் நிறுவனத்தின் தலைமையகம் இருக்கும் ஊர் அது. போனில் பச்சை, மஞ்சள், சிவப்பு என்று மூன்று நிறங்கள். பச்சை இருந்தால் கடைக்குள் போகலாம், சிவப்பு வந்தால் தனிமைப்படுத்தல். சில வாரங்களில் நாடு முழுக்கப் பரவியது. ஆனால் பரவியது ஒரே குறியீடு என்று நினைத்துவிடாதீர்கள். ஒவ்வொரு மாகாணமும் தனக்கென்று ஒன்று செய்துகொண்டது. ஓர் ஊரின் பச்சையை அடுத்த ஊர் ஏற்காத சிக்கல் வந்தது. அதைச் சரிசெய்ய 2020 ஏப்ரல் இறுதியில் மூன்று தேசியத் தரநிலைகள் வெளியாயின: மாதிரி அமைப்புக்கு ஒன்று, தரவு வடிவத்துக்கு ஒன்று, செயலிகள் பேசிக்கொள்ளும் முறைக்கு ஒன்று. சமூகவியல் மட்டும் படித்தவர் தரநிலை ஆவணம் என்றாலே ஒதுக்கிவைத்துவிடுவார். நீங்கள் இன்ஜினியரிங் படித்தவர், உங்களால் அதை வரிவரியாகப் படிக்க முடியும். உங்கள் முந்தைய படிப்பு வீண் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

அப்புறம் வாசலில் நின்றவர்களைப் பாருங்கள். குறியீட்டைச் சரிபார்த்தவர்கள் குடியிருப்புக் குழுக்காரர்கள், காவலாளிகள், கடைப் பணியாளர்கள். ஸ்மார்ட்போன் இல்லாத முதியவர்கள் பேருந்தில் ஏற முடியாமல் திண்டாடினார்கள். 2020 நவம்பரில், குறியீட்டை மட்டுமே அனுமதிச் சீட்டாக வைக்கக் கூடாது, முதியவர்களுக்கு மாற்று வழி வேண்டும் என்று மத்திய அரசே சொல்ல வேண்டி வந்தது.

2022-இல் நடந்தது இன்னும் முக்கியம். ஹெனான் மாகாணத்தில் சில கிராமப்புற வங்கிகள் பணத்தைத் திருப்பித் தராமல் முடக்கிவிட்டன. முறையிட ஜெங்ஜோ நகருக்கு வந்த வைப்பாளர்களின் குறியீடு, நோய்த்தொற்றுக்கும் அவர்களுக்கும் சம்பந்தமே இல்லாத நிலையில் சிவப்பானது. ஊருக்கு வராமலேயே, வேறொருவர் அனுப்பிய அந்த ஊரின் க்யூஆர் படத்தை ஸ்கேன் செய்தவர்களுக்கும் சிவப்பு வந்தது. மொத்தம் 1,317 பேர். சீன இணையத்தில் கொந்தளிப்பு எழுந்தது. ஜூன் மாதத்தில், அதிகாரிகளின் நடத்தையை விசாரிக்கும் நகரின் ஒழுங்கு ஆணையம் இந்த எண்ணிக்கையை வெளியிட்டு ஐந்து அதிகாரிகளுக்குத் தண்டனை அறிவித்தது.

இந்த ஒரு சம்பவத்துக்குள் உங்கள் ஆய்வுக்கு வேண்டியது எல்லாமே இருக்கிறது. நிறத்தை மாற்றும் அதிகாரம் யாரிடம் இருந்தது? மத்தியிலா, நகரத்திலா, நிறுவனத்திலா? மக்கள் எதை ஏற்றார்கள், எந்த இடத்தில் பொறுக்க மறுத்தார்கள்? 'சீன அரசு' என்று ஒற்றைச் சொல்லில் எழுதினால் இந்தக் கேள்விகளைக் கேட்கக்கூட முடியாது.

கண்காணிப்பு வேண்டாம், உழைப்பைப் பற்றி எழுதலாம் என்றால் உணவு விநியோக ஓட்டுநர்கள் இருக்கிறார்கள். 2020 செப்டம்பரில் ஒரு சீன இதழ், அல்காரிதம் குறைத்துக்கொண்டே போன நேரக் கெடு அவர்களைச் சாலையில் எப்படி விரட்டியது என்று நீண்ட கட்டுரை வெளியிட்டது. இரண்டு பெரிய நிறுவனங்களும் உடனே பதில் சொல்ல வேண்டியிருந்தது. செயலிகள் யாருக்கு எதைக் காட்டுவது என்று தீர்மானிக்கும் பரிந்துரை அல்காரிதங்களுக்கு 2022 மார்ச் 1 முதல் விதிகள் நடைமுறைக்கு வந்தன. அவற்றில், தொழிலாளர்களுக்கு வேலை ஒதுக்கும் அல்காரிதத்துக்கும் இடம் கிடைத்தது. ஒரு கட்டுரைக்கும் ஒரு சட்ட விதிக்கும் இடைப்பட்ட அந்த ஒன்றரை ஆண்டைப் பற்றி மட்டுமே ஓர் ஆய்வேடு எழுதலாம்.

சரி, மொழிக்கு வருவோம். சீனம் இல்லாமல் இந்த ஆய்வைச் செய்யாதீர்கள். கடுமையாகச் சொல்வதாக நினைக்க வேண்டாம், உங்கள் மூன்று நான்கு ஆண்டு உழைப்பு அடுத்தவர் மொழிபெயர்ப்பை நம்பி நிற்கக் கூடாது என்பதால் சொல்கிறேன். மொழிபெயர்ப்புச் செயலிகள் இப்போது நன்றாகவே உதவுகின்றன. ஆனால் அவை சறுக்கும் இடம் முக்கியமான இடமாக இருக்கிறது. அரசு ஆவணத் தலைப்பில் 'யீஜியென்' என்ற சொல் வரும். செயலி அதைக் 'கருத்து' என்று மொழிபெயர்க்கும். யாரோ அபிப்பிராயம் சொல்கிறார்கள் என்று தோன்றும். உண்மையில் அது மேலிருந்து கீழே வரும் வழிகாட்டுதல். கீழ்நிலை அதிகாரிகள் அதன்படி நடந்தாக வேண்டும். அதேபோல் 'ஷிதியென்' என்றால் சோதனை முயற்சி. சில ஊர்களில் செய்து பார்த்துவிட்டு நாடு முழுக்க விரிப்பதோ சத்தமில்லாமல் கைவிடுவதோ சீன நிர்வாகத்தின் பழைய பழக்கம். அந்தச் சொல்லைப் பார்த்ததும் 'எந்த ஊர், எந்த ஆண்டு, பிறகு என்ன ஆனது' என்று கேட்கப் பழகுங்கள். சட்டம், ஒழுங்குவிதி, நடைமுறை, வழிகாட்டுதல், அறிவிப்பு என்று ஒவ்வொரு வகை ஆவணத்துக்கும் தனி வலு உண்டு. அந்த வரிசையை முதல் மாதத்திலேயே மனப்பாடம் செய்துவிடுங்கள்.

இன்னொரு சொல், 'கெஜி'. அறிவியல், தொழில்நுட்பம் என்ற இரண்டு சொற்களின் தலையை எடுத்து ஒட்டிய சொல். நாம் இரண்டாகப் பிரித்துப் பேசுவதைச் சீன அரசு மொழி ஒன்றாகவே பேசுகிறது, பெரும்பாலும் உற்பத்தியோடும் நாட்டின் வலிமையோடும் சேர்த்து. 1919-இல் மாணவர்களும் அறிவாளர்களும் நடத்திய மே நான்கு இயக்கத்தைச் சேர்ந்தவர்கள், சீனாவுக்குத் தேவை என்று 'திருவாளர் அறிவியல்', 'திருவாளர் ஜனநாயகம்' என்று இருவரை அழைத்தார்கள். 1978 மார்ச்சில் தேசிய அறிவியல் மாநாட்டில் சீனத் தலைவர் தெங் சியாவோபிங், அறிவியலும் தொழில்நுட்பமும் உற்பத்திச் சக்திகள் என்றார். பத்தாண்டு கழித்து 'முதன்மை உற்பத்திச் சக்தி' என்று அதை உயர்த்தினார். இன்று ஏஐ பற்றி வரும் அறிக்கைகளிலும் அதன் எதிரொலி உண்டு.

வரலாற்றுக்குள் ஏன் போக வேண்டும் என்று தோன்றலாம். நீங்கள் சமூகவியல் மாணவர் என்பதால் இதைக் கட்டாயம் சொல்ல வேண்டும். 1952-இல் சீனப் பல்கலைக்கழகங்களில் சமூகவியல் துறையே ஒழிக்கப்பட்டது. 1979-இல்தான் அதற்கு மீண்டும் இடம் கிடைத்தது. இடைப்பட்ட காலத்தில் அணுகுண்டும் ஏவுகணையும் செய்த விஞ்ஞானிகளுக்கு அரசிடம் பெரிய மதிப்பு சேர்ந்தது. அவர்களில் ஒருவர் சோங் ஜியான், ஏவுகணைக் கட்டுப்பாட்டுக் கணித நிபுணர். 1978-இல் ஐரோப்பா போனபோது அங்கே மக்கள்தொகையைக் கட்டுப்பாட்டுக் கணிதத்தால் கணிக்கும் முறையைப் பார்த்தார். திரும்பிவந்து, பிறப்பு விகிதம் அப்படியே போனால் ஒரு நூற்றாண்டில் சீன மக்கள்தொகை 400 கோடியைத் தாண்டும் என்று கணக்குப் போட்டுக் காட்டினார். 1980 செப்டம்பரில், ஒரு குழந்தையோடு நிறுத்துங்கள் என்று கம்யூனிஸ்ட் கட்சி உறுப்பினர்களுக்குப் பகிரங்கக் கடிதம் போனது. அவர் கணக்கு ஒன்றால் மட்டுமே அந்தக் கொள்கை வந்தது என்று எழுதிவிடாதீர்கள், யோசனை கட்சிக்குள் முன்பே இருந்தது. ஆனால் கிராமத்துக் குடும்பம் எப்படி வாழ்கிறது என்று சொல்லக்கூடிய சமூகவியல் துறை அப்போதுதான் தவழத் தொடங்கியிருந்தது. எதிரே வரைபடத்தோடும் கணினியோடும் ராக்கெட் விஞ்ஞானி நின்றார். கோடிக்கணக்கான பெண்களின் உடலைத் தொட்ட முடிவு அது. சமுதாயத்தை ஒரு பொறியியல் கணக்காகப் பார்க்கும் பழக்கம் எங்கிருந்து வந்தது என்று புரிந்தால், அல்காரிதம் பற்றிய இன்றைய பேச்சு வேறு மாதிரி கேட்கும்.

சீனர்களே இந்தத் துறையில் என்ன எழுதியிருக்கிறார்கள் என்று தேடுவீர்கள். இங்கே ஒரு சூட்சுமம் இருக்கிறது. 'அறிவியல், தொழில்நுட்பம், சமூகம்' என்ற பெயரில் மட்டும் தேடினால் பாதிதான் கிடைக்கும். சீனாவில் இந்தத் துறைக்கு 'இயற்கையின் இயங்கியல்' என்று ஒரு பழைய வேர் உண்டு. எங்கெல்ஸின் நூலிலிருந்து வந்த பெயர். 1956-இன் பன்னிரண்டாண்டு அறிவியல் திட்டத்தின்போதே யூ குவாங்யுவான் போன்ற மார்க்சிய அறிஞர்கள் அதை ஓர் ஆய்வுத் துறையாக வளர்த்தார்கள். அந்தப் பெயரிலேயே 1979-இல் ஓர் ஆய்விதழும் தொடங்கியது. அறிவியல், பொறியியல் முதுகலை மாணவர்களுக்கு அது நெடுங்காலம் பாடமாகவும் இருந்தது. எனவே 'அறிவியல் தொழில்நுட்பத் தத்துவம்', 'அறிவியல் வரலாறு', 'அறிவியல் கொள்கை' என்ற தலைப்புகளிலும் தேடுங்கள். சீன அறிவியல் கழகத்தின் இயற்கை அறிவியல் வரலாற்று நிறுவனம் 1957 முதல் இருக்கிறது. பெய்ஜிங் சிங்ஹுவா பல்கலைக்கழகத்தில் இந்தத் துறைக்கே ஒரு நிறுவனம் உண்டு; 2017-இல் அறிவியல் வரலாற்றுத் துறையும் தொடங்கினார்கள்.

சீனாவுக்குப் போகாமல் முடியுமா? ஆவணங்களை வைத்துச் செய்யும் ஆய்வு முடியும், ஆனால் முன்பைவிடக் கடினம். சீனாவின் மிகப் பெரிய கட்டுரைக் களஞ்சியமான சிஎன்கேஐ, 2023 ஏப்ரல் முதல் வெளிநாட்டு நிறுவனங்களுக்கு ஆய்வேடுகளையும் மாநாட்டுக் கட்டுரைகளையும் புள்ளிவிவர ஆண்டு நூல்களையும் நிறுத்திவைத்தது. உங்கள் நூலகம் சந்தா கட்டினாலும் எல்லாம் வரும் என்று நம்பித் திட்டம் போடாதீர்கள். இன்னொன்று, சீன இணையத்தில் பார்த்ததை அன்றே சேமியுங்கள். நான் தலைப்பும் இணைப்பும் மட்டும் குறித்துவைத்திருந்த பல பதிவுகள் ஆறே மாதத்தில் மறைந்துபோயின. ஓர் அத்தியாயத்தையே மாற்றி எழுத வேண்டி வந்தது. பக்கத்தை முழுதாகப் பதிவிறக்கி, தேதி போட்டு, இரண்டு இடத்தில் வையுங்கள்.

நேரில் போவதானால் ஒரு பல்கலைக்கழகத்தின் அழைப்போடு, அதற்குரிய விசாவில் போங்கள். சுற்றுலா விசாவில் போய்ப் பேட்டி எடுக்கவே கூடாது. 2021 நவம்பரில் தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டம் வந்தது. 2023 ஜூலையில் திருத்தப்பட்ட உளவு எதிர்ப்புச் சட்டம், தேசப் பாதுகாப்பு தொடர்பான ஆவணங்களையும் தரவுகளையும் தன் வரம்புக்குள் கொண்டுவந்தது. ஆபத்து உங்களுக்கு மட்டும் இல்லை. நீங்கள் விமானம் ஏறிவிடுவீர்கள், உங்களோடு பேசியவர் அங்கேயே இருப்பார். பெயர்களைக் குறிப்பேட்டில் எழுதாதீர்கள். வீசாட் என்ற சீன அரட்டைச் செயலியில் பேட்டி எடுக்காதீர்கள். ஒருவர் பேசத் தயங்கினால் விட்டுவிடுங்கள்.

இந்தியாவில் எங்கே சேரலாம் என்றால், என் முதல் தேர்வு டெல்லி ஜேஎன்யு. சீன மொழிக்கென்று ஒரு மையம், அறிவியல் கொள்கைக்கென்று ஒரு மையம் என்று இரண்டும் ஒரே வளாகத்தில் இருப்பது அபூர்வம். சென்னை ஐஐடியிலும் சீன ஆய்வு மையம் இருக்கிறது. அவர்களின் கருத்தரங்குகளுக்குத் திருச்சியிலிருந்து போய்வருவது எளிது.

இந்த மாதத்துக்கு ஒரு வேலை தருகிறேன். நான் சொன்ன 2022 அல்காரிதம் விதிகளை எடுங்கள், மொத்தமே சில பக்கங்கள்தான். சீன மூலத்தையும் ஒரு மொழிபெயர்ப்பையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, தொழிலாளர்களைப் பற்றிய அந்த ஒரு விதியை மட்டும் அகராதியோடு படியுங்கள். யார் யாருக்கு என்ன செய்ய வேண்டும் என்று அது சொல்கிறது, செய்யாவிட்டால் என்ன ஆகும், எதைச் சொல்லாமல் விட்டிருக்கிறது என்று தமிழில் ஒரு பக்கம் எழுதுங்கள். எழுதியதும் அனுப்புங்கள். தலைப்பை எப்படிக் குறுக்குவது என்று அதை வைத்துப் பேசுவோம்.