குழந்தை தூங்கும்போதும் எனக்குத் தூக்கம் வரவில்லை

கேள்வி: எனக்கு வயது 29. முதல் குழந்தை பிறந்து பத்து வாரம் ஆகிறது. அவன் நன்றாக இருக்கிறான், நான்தான் சரியாக இல்லை. அவன் தூங்கும்போதும் எனக்குத் தூக்கம் வருவதில்லை. யாராவது சின்னதாக ஏதாவது கேட்டால்கூட எரிந்து விழுகிறேன், பிறகு அழுகிறேன். மாடிப்படி இறங்கும்போதெல்லாம் குழந்தை கைநழுவி விழுவதுபோல் மனதில் ஒரு காட்சி வருகிறது. இதை யாரிடமும் சொல்லவில்லை. "பிள்ளை பெற்றால் எல்லாருக்கும் இப்படித்தான்" என்கிறார் அம்மா. மாத்திரை எடுத்தால் தாய்ப்பாலை நிறுத்த வேண்டுமா?

பதில்: உங்கள் அம்மா சொல்வது முதல் இரண்டு வாரத்துக்குச் சரி. பிரசவம் முடிந்த ஓரிரு நாளில் ஈஸ்ட்ரோஜன், புரோஜெஸ்டிரோன் என்ற ஹார்மோன்கள் மளமளவென்று இறங்கும். அதையொட்டி அழுகையும் சிடுசிடுப்பும் பெரும்பாலான தாய்மாருக்கு வரும், தானாகவே போய்விடும். உங்களுக்குப் பத்து வாரம் ஆகிவிட்டது. இதை இனியும் 'எல்லாருக்கும் வருவது' என்று விடக் கூடாது. பிரசவத்துக்குப் பின் வரும் மனச்சோர்வாக இருக்கலாம், பதற்றமும் அதோடு சேர்ந்திருக்கலாம். ஏறக்குறைய ஏழெட்டுப் பேரில் ஒருவருக்கு வருகிற நோய் இது. முதல் ஓராண்டுக்குள் எப்போது வேண்டுமானாலும் தொடங்கும்.

நீங்கள் எழுதியதில் நான் முதலில் கவனித்தது தூக்கத்தைத்தான். குழந்தை தூங்கவிடாததால் தூக்கம் கெடுவது வேறு. வாய்ப்பு கிடைத்தும் தூக்கம் வராமல் கிடப்பது வேறு. இரண்டாவதை மருத்துவர்கள் நாங்கள் சும்மா விடுவதில்லை.

அடுத்து, அந்த மாடிப்படிக் காட்சி. உங்களைப் பயமுறுத்துவது இதுதான் என்று நினைக்கிறேன். குழந்தைக்கு ஏதோ ஆகிவிடுவதுபோல் வேண்டாத காட்சிகள் வருவது மிகச் சாதாரணம், நன்றாக இருக்கும் தாய்க்கும் வரும். அதைக் கண்டு நீங்கள் பதறுகிறீர்கள், குழந்தையை இன்னும் இறுக்கிப் பிடிக்கிறீர்கள் அல்லவா? அப்படியானால் அது உங்கள் விருப்பம் இல்லை. நீங்கள் மோசமான தாயும் இல்லை. மருத்துவரிடம் தயங்காமல் சொல்லுங்கள்.

ஆபத்தான நிலை வேறு மாதிரி இருக்கும். இல்லாத குரல் கேட்பது, குழந்தையிடம் ஏதோ தீய சக்தி இருப்பதாக உறுதியாக நம்புவது, தூக்கமே இல்லாமல் அளவுக்கு மீறிய சுறுசுறுப்பு, பேச்சில் குழப்பம் - இவை ஆயிரத்தில் ஓரிருவருக்கு, பெரும்பாலும் முதல் சில வாரங்களில் வரும். இவற்றில் ஒன்று தெரிந்தாலும், சாக வேண்டும் என்றோ குழந்தையை ஏதாவது செய்துவிட வேண்டும் என்றோ தோன்றினாலும், அன்றே அவசரச் சிகிச்சைக்குப் போக வேண்டும். அதுவரை தாயைத் தனியாக விடக் கூடாது.

சரி, இப்போது என்ன செய்வது? இந்த வாரமே உங்கள் மகப்பேறு மருத்துவரையோ மனநல மருத்துவரையோ பாருங்கள். பிரசவத்துக்குப் பின் வரும் மனச்சோர்வைக் கண்டறிய, எடின்பரோ அளவுகோல் என்று பத்துக் கேள்வி கொண்ட ஒரு தாள் தருவார்கள். கடந்த ஏழு நாட்களில் எப்படி உணர்ந்தீர்கள் என்று அதில் குறிக்க வேண்டும். தைராய்டு, ஹீமோகுளோபின் இரண்டையும் பார்க்கச் சொல்லுங்கள். பிரசவத்துக்குப் பின் தைராய்டு தடம்புரள்வது உண்டு, அதுவும் இதே மாதிரி படுத்தும்.

லேசானதென்றால் பேச்சுவழிச் சிகிச்சையே போதும். மாத்திரை தேவைப்பட்டாலும் பொதுவாகத் தாய்ப்பாலை நிறுத்த வேண்டியதில்லை. மனச்சோர்வுக்குக் கொடுக்கும் செர்ட்ராலின் போன்ற மருந்து பாலில் மிகக் குறைவாகவே கலக்கிறது. பலன் தெரிய இரண்டு முதல் நான்கு வாரம் பிடிக்கும், நன்றாகத் தேற இன்னும் சில வாரம் ஆகலாம், இடையில் நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். உங்களுக்கோ குடும்பத்தில் யாருக்கோ இருமுனையப் பிறழ்வு (அளவுக்கு மீறிய உற்சாகமும் மனச்சோர்வும் மாறி மாறி வரும் நோய்) இருந்திருந்தால் முதலிலேயே சொல்லிவிடுங்கள், மருந்துத் தேர்வே மாறும்.

அப்புறம், உங்கள் கணவருக்கு ஒரு வார்த்தை. இரவில் நாலைந்து மணி நேரம் ஒரே மூச்சாக உங்கள் மனைவி தூங்கட்டும், அந்த நேரம் குழந்தை உங்கள் பொறுப்பு. எடுத்து வைத்த பாலைக் கொடுக்கலாம். "டயப்பர் எங்கே, எத்தனை மணிக்குப் பால்" என்று எழுப்பிக் கேட்காதீர்கள். கேட்டுக் கேட்டுச் செய்தால் அந்த வேலை மறுபடியும் இவர் தலையில்தான் ஏறும்.