டிரெய்லரை விடுங்கள், கையைப் பாருங்கள்: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: நாங்கள் ஐந்து நண்பர்கள். புது கேம் எடுக்கலாம் என்று பேச்சு வந்தாலே சண்டைதான். ஒருவனுக்கு கிராஃபிக்ஸ், ஒருவனுக்குக் கதை, ஒருவனுக்கு எல்லாரும் சேர்ந்து ஆட முடிய வேண்டும், ஒருவனுக்குக் கஷ்டமாக இருந்தால்தான் அது கேம். நான் விலையைப் பார்ப்பவன். உண்மையில் விளையாடுகிறவர்கள் எதைத்தான் முக்கியமாக நினைக்கிறார்கள்?

பதில்: ஐந்து பேர் சொல்வதும் உண்மைதான். ஆனால் ஒரு கேமை வாங்க வைப்பது ஒன்று, மூன்று வாரம் கழித்தும் அதையே திறக்க வைப்பது இன்னொன்று. நீங்கள் இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொள்கிறீர்கள். வாங்க வைப்பதில் படத்துக்கும் விலைக்கும் நண்பர்களுக்கும் பெரிய பங்கு உண்டு. திரும்பத் திறக்க வைப்பது, நான் பார்த்தவரை, பெரும்பாலும் ஒரே விஷயம்தான்: அந்த கேமில் நிமிடத்துக்கு நிமிடம் உங்கள் கை என்ன செய்துகொண்டிருக்கிறது, அதைச் செய்வது பிடித்திருக்கிறதா.

மேலிருந்து விழும் கட்டைகளை அடுக்கும் டெட்ரிஸை எடுத்துக்கொள்ளுங்கள். 1984-ல் மாஸ்கோவில் அலெக்ஸி பஜித்னோவ் அதை எழுதிய எலக்ட்ரானிகா 60 கணினியில் படம் வரையும் வசதியே கிடையாது, அடைப்புக்குறிகளை அடுக்கித்தான் கட்டைகளைக் காட்டினார். அதைப் பார்த்தவர்களால் விட்டு நகர முடியவில்லை. மைன்கிராஃப்ட் 2011-ல் முழுமையாக வெளிவந்தபோது அதைவிட அழகான கேம்கள் எத்தனையோ இருந்தன, ஆனாலும் 30 கோடிப் பிரதிகளைத் தாண்டி விற்றது அந்தக் கட்டம் கட்டமான உலகம்தான். ஏன்? தோண்டுவது, வைப்பது, தோண்டுவது, வைப்பது. அந்த ஒரு வேலை அலுக்கவில்லை, வைத்த கல் ஒவ்வொன்றும் நம்முடையதாக இருந்தது.

கை என்று சொன்னேன் இல்லையா, அதில் கண்ணுக்குத் தெரியாத வேலை நிறைய இருக்கிறது. செலஸ்ட் என்று 2018-ல் வந்த மலையேறும் கேம் ஒன்று, பயங்கரக் கஷ்டம், நூற்றுக்கணக்கில் சாவோம். அதில் விளிம்பைத் தாண்டிக் கால் காற்றில் போன பிறகும் சில ஃபிரேம்கள் (திரையில் அடுத்தடுத்து மாறும் படங்கள்) வரை தாவும் பொத்தான் வேலை செய்யும். கணக்குப்படி நாம் விழுந்திருக்க வேண்டும், ஆனால் மனசுக்கு ‘நான் சரியாகத்தான் அழுத்தினேன்’ என்று தோன்றும், அந்தத் தோன்றலை கேமை உருவாக்கிய குழு மதிக்கிறது. விளையாடுகிறவருக்கு இந்த ஏற்பாடு தெரியாது, ‘இந்த கேம் நியாயமானது’ என்று மட்டும் தெரியும். இதேபோலத்தான் ஃபிரேம் கணக்கும். விநாடிக்கு 60 ஃபிரேம் என்றால் ஒரு ஃபிரேமுக்குச் சுமார் 16.7 மில்லி விநாடி, 30 என்றால் சுமார் 33. காகிதத்தில் சின்ன வித்தியாசம், ஆனால் அடியைத் தடுக்க வேண்டிய கேமில் ‘பொத்தானை அழுத்தினேன், அது கேட்கவில்லை’ என்ற எரிச்சல் அங்கேதான் பிறக்கிறது. அழகான காட்சிக்காக 30-க்கு இறங்கலாமா, 60-ஐப் பிடிக்கலாமா என்று பல கன்சோல் கேம்கள் அமைப்புகளிலேயே கேட்கின்றன. எனக்கு எப்போதும் 60.

சரி, உங்கள் ஐந்து பேர் கதைக்கு வருகிறேன். இந்தச் சண்டையை ஒருவர் முன்பே கட்டுரையாக எழுதியிருக்கிறார். எசெக்ஸ் பல்கலைக்கழகத்தில் 1978-ல் தொடங்கிய மட் என்ற வெறும் எழுத்தாலான கேமை உருவாக்கிய இருவரில் ஒருவரான ரிச்சர்ட் பார்ட்டில், 1996-ல் விளையாடுகிறவர்களை நான்கு வகையாகப் பிரித்தார்: சாதிக்க வருகிறவர்கள், சுற்றிப் பார்க்க வருகிறவர்கள், மனிதர்களோடு பழக வருகிறவர்கள், அடுத்தவரை வீழ்த்த வருகிறவர்கள். பலர் கூடி ஆடும் கேம்களை வைத்துச் சொன்னது அது, எல்லாவற்றுக்கும் அப்படியே பொருந்தாது. யாரும் ஒரே பெட்டிக்குள் அடங்குவதும் இல்லை, சனிக்கிழமை இரவு வீழ்த்த வருகிறவர் ஞாயிறு காலையில் சும்மா மீன் பிடிக்க உட்காருவார். ஆனாலும் உங்களுக்கு ஒரு வழி இதில் கிடைக்கும். அடுத்த முறை ‘எது நல்ல கேம்’ என்று கேட்காதீர்கள். கடைசியாக ரசித்து விளையாடிய கேமில் மனசில் நிற்கும் ஒரே ஒரு நிமிடத்தைச் சொல்லுங்கள் என்று ஒவ்வொருவரையும் கேளுங்கள். கிராஃபிக்ஸ் என்று அடம்பிடித்த நண்பர் மலை உச்சியில் நின்று பார்த்ததைச் சொன்னால் அவருக்குப் பிடித்தது சுற்றித் திரிவது. கஷ்டம் கேட்டவர், நீங்கள் எல்லாரும் ஒன்றாகத் தோற்றுச் சிரித்த இரவைச் சொல்லவும் கூடும்.

கேள்வி: எனக்குக் கதை மட்டும்தான் வேண்டும். சண்டை வந்தால் ஈஸி மோடில் போட்டுக் கடந்துவிடுவேன். இது ஏமாற்று வேலை என்கிறான் என் தம்பி.

பதில்: இல்லவே இல்லை. நீங்கள் காசு கொடுத்து எடுத்தது, உங்கள் மாலைப் பொழுது, தம்பி தன்னுடையதை அவர் விருப்பப்படி ஆடட்டும். மேலே சொன்ன செலஸ்டிலேயே வேகத்தைக் குறைக்க, அடிபடாமல் இருக்க உதவி மோடு உண்டு, செய்தவர்களே வைத்தது. ஆனால் ஒன்று சொல்வேன், கதையை நடுநடுவே சினிமாபோல ஓடும் காட்சிகளில் மட்டும் தேடாதீர்கள். 2015-ல் வந்த அண்டர்டேலில் எதிரே வரும் ஒருவரைக்கூடக் கொல்லாமல் கடைசி வரை போகலாம். கொன்றால் உலகம் வேறு மாதிரி நடந்துகொள்கிறது, நீங்கள் செய்ததை அது மறப்பதில்லை. 2019-ல் வந்த டிஸ்கோ எலிசியத்தில் வழக்கமான சண்டையே கிடையாது, பேச்சும் பகடையும்தான். இப்படி நம் செயலே கதையாக மாறும் கேம்கள் உங்களுக்காகவே செய்தவை.

கேள்வி: வேலை, இரண்டு குழந்தைகள். இரவில் முக்கால் மணி நேரம் கிடைத்தால் பெரிது. எல்லாரும் புகழும் கேம்கள் 80 மணி, 100 மணி என்று போகின்றன. நான் என்ன செய்வது?

பதில்: எனக்கு மிகவும் பிடித்த கேள்வி, ஏனென்றால் கேம் விற்கிறவர்கள் மணிக்கணக்கைப் பெருமையாகச் சொல்லிச் சொல்லி நம் எல்லாரையும் அந்தக் கணக்கிலேயே யோசிக்க வைத்துவிட்டார்கள். விலையை மணி நேரத்தால் வகுத்துப் பார்த்து ‘லாபம்’ என்கிறோம். அந்த 100 மணியில் 40 மணி ஒரே மாதிரியான முகாமை அழிப்பதும் மூலிகை பறிப்பதும் என்றால் அது லாபமா? 2012-ல் வந்த ஜர்னி ஏறக்குறைய இரண்டு மணி நேரம்தான், 2007-ன் போர்ட்டலை மூன்று நான்கு மணி நேரத்தில் முடித்துவிடலாம். இரண்டையும் பற்றி மக்கள் இன்னும் பேசிக்கொண்டிருக்கிறார்கள்.

உங்கள் நிலையில் நான் முதலில் பார்ப்பது சேவ், அதாவது ஆடிய வரை பதிந்து வைக்கும் வசதி. நினைத்த இடத்தில் சேவ் செய்ய முடியுமா, கேம் தானே பதிந்துகொள்ளும் செக்பாயிண்ட் வரும் வரை காத்திருக்க வேண்டுமா? குழந்தை அழுதால் உடனே எழ முடிய வேண்டும். இடையில் நிறுத்தி வைக்கவே முடியாத ஆன்லைன் கேம்களை இந்தச் சில வருடங்களுக்கு ஒதுக்கி வையுங்கள். கையடக்கக் கருவி இருந்தால் இன்னும் நல்லது, ஸ்விட்ச், ஸ்டீம் டெக் இரண்டிலும் ஒரு பொத்தானை அழுத்தினால் தூங்கிவிடும், மறுநாள் விட்ட இடத்திலேயே எழும். அப்புறம், ‘ஒரு நாள்’ என்று பிரிந்து நடக்கும் கேம்கள் உங்களுக்குப் பொருந்தும். எரிக் பரோன் என்பவர் நான்கு வருடத்துக்கும் மேல் தனி ஆளாக உருவாக்கி 2016-ல் வெளியிட்ட ஸ்டார்டியூ வேலியில் ஒரு நாள் என்பது நம் கடிகாரத்தில் கால் மணி நேரம்கூட ஆகாது. தூங்கப் போனால் சேவ் ஆகும். ஆனால் ‘இன்னும் ஒரே ஒரு நாள்’ என்று இழுக்கும், அதை மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.

பெரிய கேம் ஆசை இருந்தால் எடுங்கள், முடிக்க வேண்டும் என்று யாரிடமும் கையெழுத்துப் போட்டுக் கொடுக்கவில்லை.

கேள்வி: முன்பதிவு செய்து ஏமாந்துவிட்டேன். எந்த ரிவ்யூவை நம்புவது?

பதில்: நானும் ஏமாந்திருக்கிறேன். ஒரு டிரெய்லரில் மழையில் நனையும் நகரத்தைப் பார்த்து மயங்கி முதல் நாளே எடுத்தேன், நகரம் அப்படியே இருந்தது, அதில் செய்யத்தான் ஒன்றும் இல்லை. இரண்டு மணி நேரத்தில் மூடினேன். அன்றிலிருந்து முன்பதிவு செய்வதில்லை, டிஜிட்டல் பிரதி தீர்ந்து போகாது.

வெளியாகும் நாளும் கேம் தயாராகும் நாளும் ஒன்றாக இருப்பதில்லை. சைபர்பங்க் 2077, 2020 டிசம்பரில் வந்தபோது பழைய கன்சோல்களில் இருந்த நிலையைப் பார்த்து சோனி அதைத் தன் பிளேஸ்டேஷன் இணையக் கடையிலிருந்தே எடுத்துவிட்டது, ஆறு மாதம் கழித்துத்தான் திரும்ப வைத்தது. 2016-ன் நோ மேன்ஸ் ஸ்கையும் வந்தபோது திட்டு வாங்கியது, பிறகு வருடக்கணக்கில் இலவச அப்டேட்டாகக் கொடுத்துத் திருத்தினார்கள். காத்திருந்தவர்களுக்கு இரண்டுமே நல்ல கேம்கள்.

ரிவ்யூ படிக்கும்போது நட்சத்திரத்தைப் பார்க்காதீர்கள், பிடிக்காதவர் சொல்லும் காரணத்தைப் படியுங்கள். ‘ரொம்ப மெதுவாக நகர்கிறது’ என்று ஒருவர் திட்டினால் எனக்கு அது சிபாரிசு, எனக்கு மெதுவாகத்தான் வேண்டும். கணினி கேம்கள் விற்கும் ஸ்டீம் என்ற இணையக் கடையில் ரிவ்யூ எழுதியவர் எத்தனை மணி நேரம் ஆடினார் என்பது பக்கத்திலேயே இருக்கும், சமீபத்திய ரிவ்யூக்களும் தனியாக இருக்கும், அவற்றைப் பாருங்கள். அதைவிட நல்ல வழி, யாராவது பேசாமல் ஆடும் வீடியோவை நடுவிலிருந்து பத்து நிமிடம் பார்ப்பது. முதல் பத்து நிமிடம் எல்லா கேமிலும் நன்றாகத்தான் இருக்கும். டெமோ இருந்தால் கேள்வியே இல்லை. வாங்கி 14 நாளுக்குள், இரண்டு மணி நேரத்துக்குள் ஆடியிருந்தால் ஸ்டீமில் பணத்தைத் திரும்பக் கேட்கலாம், அதற்குக் கூச்சப்படாதீர்கள்.

கேள்வி: இலவச கேம் போதாதா?

பதில்: போதும், நண்பர்கள் அங்கேதான் இருக்கிறார்கள் என்றால் அதுவே சரியான தேர்வு. தினமும் வந்து பரிசு வாங்காவிட்டால் ஏதோ இழந்ததுபோல் பதறினால் மட்டும் வெளியே வாருங்கள். உள்ளே என்ன இருக்கிறது என்று தெரியாமல் காசு கொடுக்கும் லூட் பாக்ஸ் எனக்கு அறவே ஆகாது, பெல்ஜியம் 2018-லேயே அதைச் சூதாட்டம் என்றது. ஒரு மாதத்தில் அதில் போன பணத்தைக் கூட்டிப் பாருங்கள், எத்தனை முழு கேம் வாங்கியிருக்கலாம் என்று தெரியும்.

கேள்வி: எனக்குச் சிவப்பும் பச்சையும் பிரித்துத் தெரியாது. நண்பர்கள் சிபாரிசு செய்யும் புதிர் கேம்களில் பாதியை என்னால் ஆடவே முடிவதில்லை. வாங்கிய பிறகுதான் தெரிகிறது.

பதில்: ‘எது முக்கியம்’ என்ற பட்டியல்களில் இது வருவதே இல்லை, எனக்கு அதில் கோபம் உண்டு. வாங்குவதற்கு முன் கேமின் அமைப்புகள் பக்கத்தைக் காட்டும் வீடியோவைத் தேடிப் பாருங்கள், நிறையப் பேர் அதை மட்டுமே பதிவிடுகிறார்கள். நிறக்குறைபாட்டு மோடு, எழுத்தின் அளவு, பொத்தான்களை மாற்றும் வசதி எல்லாம் அங்கே தெரிந்துவிடும். 2020-ல் வந்த தி லாஸ்ட் ஆஃப் அஸ் இரண்டாம் பாகத்தில் இப்படி 60-க்கும் மேற்பட்ட வசதிகள் வைத்தார்கள், பார்வையே இல்லாதவர்களும் அதை முடித்திருக்கிறார்கள்.

புதிர் கேமில் நிறத்தோடு வடிவமும் மாறுகிறதா என்று படத்திலேயே பார்க்கலாம். படத்தைக் கறுப்பு வெள்ளையாக மாற்றிப் பாருங்கள், அப்போதும் காய்களைப் பிரித்துச் சொல்ல முடிந்தால் துணிந்து எடுங்கள். டெட்ரிஸ் அந்தச் சோதனையில் எப்போதும் தேறும், அது பிறந்ததே நிறம் இல்லாமல்தான். வசதி இல்லாத சின்ன கேம் ஒன்று உங்களுக்கு மிகவும் பிடித்திருந்தால் அதைச் செய்தவர்களுக்கு எழுதுங்கள், எந்தக் கட்டத்தில் எந்த இரண்டு காய் ஒன்றாகத் தெரிகிறது என்று படத்தோடு.