ஹாரி பாட்டர் மூன்றாவது படம்: ஏழு வயசுக்குச் சரிவருமா?

அக்கா, முதல் இரண்டையும் ரசித்துப் பார்த்த ஏழு வயது மகள் மூன்றாவதுக்குப் பயப்படுவாளா என்றுதானே கேட்டீர்கள்? கொஞ்சம் பயப்படுவாள். 2004இல் வந்த அந்தப் படத்தில் இயக்குநரே மாறிவிட்டார், கிறிஸ் கொலம்பஸ் இடத்துக்கு அல்ஃபோன்சோ குவாரோன் வந்ததும் நிறமெல்லாம் சாம்பல் பூத்துவிட்டது. ஹாரியின் அத்தை பலூன் மாதிரி ஊதிப் பறக்கிற இடத்தில் விழுந்து விழுந்து சிரிப்பாள், அது வேறு. ரயில் காட்சிதான் மோசம்: விளக்கு அணைந்து, கண்ணாடியில் பனி உறைய, கறுப்புத் துணி போர்த்திய ஒன்று எலும்பு விரலை நீட்டிக் கதவைத் திறக்கும். பிறகு ஆசிரியர் லூபின் ஹாரிக்குச் சாக்லேட் கொடுப்பார், அதை முன்கூட்டியே சொல்லி வையுங்கள். ஞாயிறு பகலில் போடுங்கள். ஹட்டனில் ராத்திரி மழைக்குக் கரண்ட் போனால் அப்புறம் பிள்ளையை யார் தூங்க வைப்பது? நான்காவதை இப்போதைக்குத் தொடவே வேண்டாம், அதில் ஒரு மாணவனைக் கொன்றே விடுகிறார்கள்.