அடித்தால் அடங்குமா வெடச்சாவல்?

கேள்வி (திண்டுக்கல் பக்கத்திலிருந்து ஒரு வாசகி): எங்கள் வீட்டில் சிறுவிடைக் கோழிகள் எட்டு இருக்கின்றன. பழைய பெட்டைகள் இரண்டு, ஆறரை மாதமான சேவல் ஒன்று, அதோடு கூடப் பொரித்த பெட்டைகள் ஐந்து. தாய்க்கோழியைக் கீரி கொண்டுபோன பிறகு இந்தச் சேவலை என் ஆறு வயது மகன்தான் தோளில் வைத்துக்கொண்டு திரிந்து வளர்த்தான். ஒரு மாதமாக அது வாசல் கூட்டும் மாமியார் மேல் பாய்கிறது. போன வாரம் மகனின் கன்னத்தைக் கீறிவிட்டது. இளம் பெட்டைகளின் முதுகில் இறகே இல்லை. வீட்டுக்காரர் கம்பால் அடித்துப் பார்த்தார், இன்னும் மோசமாகிவிட்டது. கருப்பசாமிக்கு நேர்ந்துவிட்டதால் ஆடி வரை விற்கவும் முடியாது, அறுக்கவும் முடியாது. போதாததற்கு ராத்திரி 2 மணிக்குக் கூவுகிறது. என்ன செய்வது?

பதில்: முதலில் அந்தக் கம்பைத் தூக்கிப் பரண்மேல் போடச் சொல்லுங்கள். உங்கள் வீட்டுக்காரர் தண்டிப்பதாக நினைத்து அடித்திருப்பார். சேவலுக்கு அப்படிப் புரியாது. தான் வம்புக்கு இழுத்தோம், எதிராளி சண்டைக்கு இறங்கிவிட்டான் என்றுதான் புரியும். அன்றைக்கு ஒதுங்கினாலும் நாளைக்குத் திரும்ப வந்து பார்க்கும். உங்கள் மாமியார் பயந்து வீட்டுக்குள் ஓடும்போதோ அதற்கு ஒரு வெற்றியே கிடைத்துவிடுகிறது. ஒருவர் மோதுகிறார், ஒருவர் ஓடுகிறார். இரண்டுமே அதற்குத் தெரிந்த சண்டை ஆட்டம்தான். அந்த ஆட்டத்துக்கே நீங்கள் யாரும் வரக்கூடாது.

நாலைந்து மாதத்தில் கொண்டை சிவந்து, உடைந்த குரலில் கூவிப் பழகும்போதே ஆண் ஹார்மோன் ஏறத் தொடங்கிவிடும். அதன் பிறகு சில மாதங்களுக்கு எந்த வெடச்சாவலும், அதாவது இளஞ்சேவலும், கொஞ்சம் துள்ளத்தான் செய்யும். உங்களுடையது தோளில் வளர்ந்தது என்பதால் துள்ளல் உங்கள் பக்கம் திரும்பியிருக்கிறது. தாயோடு திரிந்த சேவல் ஆளைக் கண்டால் நாலடி தள்ளி நிற்கும். இது உங்கள் பையனைத் தன் கூட்டத்தில் ஒருவனாகப் பார்த்து வளர்ந்தது. அந்தக் கூட்டத்தில் யார் பெரியவன் என்று இப்போது கேட்கிறது. பையனைத் திட்டாதீர்கள். அடுத்த ஈட்டில், அதாவது அடுத்து பொரிக்கும் குஞ்சுகளில், சேவல்குஞ்சு எது என்று தெரிந்ததும் மடியில் தூக்கி வைப்பதைக் குறைத்துக்கொண்டால் போதும்.

ஆனால் ஒன்று. சேவல் அடங்கும்வரை பையன் தனியாக அது இருக்கும் இடத்துக்குப் போகக்கூடாது. ஆறு வயதுப் பிள்ளையின் கண்ணும் பாயும் சேவலின் காலும் ஏறக்குறைய ஒரே உயரத்தில் வந்துவிடும். கன்னத்துக் கீறலைச் சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் நன்றாகக் கழுவியிருப்பீர்கள் என்று நம்புகிறேன். டெட்டனஸ் ஊசி கடைசியாக எப்போது போட்டது என்று பார்த்து ஆரம்ப சுகாதார நிலையத்தில் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள். பலர் கேட்பதால் சொல்கிறேன்: வெறிநாய்க்கடி நோய் பாலூட்டிகளின் நோய். கோழி கொத்தியதற்கு அந்த ஊசி வேண்டாம்.

இனி மாமியார் விஷயம். வாசல் கூட்டும்போது என்று எழுதியிருக்கிறீர்களே, பாதி விடை அதிலேயே இருக்கிறது. சண்டைக்கு நிற்கும் இரண்டு சேவல்களைப் பார்த்திருப்பீர்கள். தலையைத் தாழ்த்தி, கழுத்து இறகைச் சிலிர்த்து, தரையோடு தரையாக மேலும் கீழும் ஆட்டிக்கொண்டு எதிரெதிரே நிற்கும். குனிந்து சீமாறை இப்படியும் அப்படியும் வீசும் ஆள் சேவலின் கண்ணுக்கு எப்படித் தெரிவார் என்று யோசித்துப் பாருங்கள். அதுவும் கூட்டைத் திறந்துவிட்ட கையோடு, அது தன் இடத்தைச் சுற்றிப் பார்க்கக் கிளம்பும் நேரத்தில். வரிசையை மாற்றுங்கள். கூட்டிப் பெருக்கி, தண்ணீர் தெளித்து, கோலமும் போட்டு முடித்த பிறகு கூட்டைத் திறந்தால் போதும். காசு செலவில்லாத இந்த ஒரு மாற்றத்திலேயே சில வீடுகளில் பாதித் தொல்லை தீர்ந்ததைப் பார்த்திருக்கிறேன்.

மற்ற நேரங்களில் அது கிட்டே வந்தால்? பாய்வதற்கு முன் சேவல் சொல்லிவிட்டுத்தான் பாயும். நேராக வராது, பக்கவாட்டில் நடந்து வரும். ஒரு செட்டையைத் தரையில் இழுக்கும். இல்லாத தானியத்தைக் கொத்துவதுபோல் மண்ணைக் கொத்திக்கொண்டே ஒரு கண்ணை உங்கள்மேல் வைத்திருக்கும். அந்த நேரத்தில் முதுகைக் காட்டாதீர்கள், பின்வாங்காதீர்கள். கையில் ஒரு முறமோ பிளாஸ்டிக் வாளியோ இருந்தால் முழங்காலுக்கு முன்னால் மறைப்பாகப் பிடித்துக்கொண்டு, அது நிற்கும் இடத்தை நோக்கி மெதுவாக நடங்கள். விரட்டவும் வேண்டாம், கத்தவும் வேண்டாம். உங்களுக்கு அந்த வழியாகப் போக வேண்டியிருக்கிறது, அவ்வளவுதான். அது விலகி வேறு பக்கம் பார்த்து மேயத் தொடங்கியதும் நீங்களும் உங்கள் வேலையைப் பார்க்கப் போய்விடுங்கள். விலகிப்போன சேவலைத் துரத்திக்கொண்டு போவது வீட்டில் ஆண்கள் வழக்கமாகச் செய்யும் தவறு.

இதோடு தினமும் ஒரு பத்து நிமிடம் அதைத் தூக்கி வைத்துக்கொள்ளுங்கள். பகலில் ஓடிப் பிடிக்காதீர்கள், அது இன்னொரு போர்க்களமாகிவிடும். இருட்டில் கோழிக்குக் கண் சரியாகத் தெரியாது. அடைந்த பிறகு கூட்டிலிருந்து எடுத்தால் சத்தமில்லாமல் வரும். இரண்டு செட்டையையும் சேர்த்து அக்குளில் இடுக்கி, கால்களைக் கையில் பிடித்துக்கொண்டு வாசலில் நடங்கள். உங்கள் முகத்தை அதன் அலகுக்குப் பக்கத்தில் கொண்டுபோகாதீர்கள். முதலில் திமிறும். திமிறல் நின்று உடம்பு தளர்ந்த பிறகுதான் கீழே விட வேண்டும். திமிறும்போது விட்டால் திமிறினால் விடுவார்கள் என்று கற்றுக்கொள்ளும். முதலில் வீட்டுக்காரர் செய்யட்டும், பிறகு நீங்கள், பிறகு மாமியார். பையன் வேண்டாம்.

பெட்டைகளின் முதுகுதான் எனக்கு அதிகக் கவலை தருகிறது. ஒரு சேவலுக்கு எட்டிலிருந்து பத்துப் பெட்டை என்பது பொதுவான கணக்கு. உங்களிடம் ஏழு இருக்கிறது, அது ஒன்றும் பெரிய குறைவில்லை. சிக்கல் வயதில் இருக்கிறது. ஒரே ஈட்டில் பொரித்தாலும் சேவல் முந்திப் பருவத்துக்கு வந்துவிடும், பெட்டை பிந்தி வரும். முட்டைக்கு வந்த பெட்டை தானே பம்மிக்கொடுக்கும். வராத பெட்டை ஓடும், சேவல் துரத்திப் பிடித்துக் கழுத்து இறகைக் கவ்வி மிதிக்கும், அதாவது இணைசேரும். ஆறரை மாதச் சேவலுக்குக் காலின் பின்பக்க முள் இன்னும் மொட்டாகத்தான் இருக்கும். அதனால் முதுகைப் பறிப்பது முள் இல்லை, நகமும் அலகும்தான்.

எனவே ஒரு மூன்று நாலு வாரம், அந்த ஐந்தும் முட்டையிடத் தொடங்கும்வரை, சேவலைப் பிரித்து வையுங்கள். பஞ்சாரக் கூடைக்குள் நாள் முழுக்கக் கவிழ்த்து வைப்பது கொடுமை. அது ஒரு மணி, இரண்டு மணி நேரத்துக்கான ஏற்பாடு. நிழலில் ஆறடிக்கு நாலடி வலை கட்டி, தண்ணீரும் ஏறி உட்கார ஒரு கழியும் வைத்தால் போதும். கோழிகளைப் பார்த்துக்கொண்டே இருக்கட்டும், கண்காணாத இடத்தில் அடைக்காதீர்கள். உள்ளே துணைக்கு அந்தப் பழைய பெட்டைகளில் ஒன்றைச் சில மணி நேரம் விடலாம். அனுபவப்பட்ட பெட்டை, மரியாதை தெரியாத வெடச்சாவலை ஒரே கொத்தில் உட்கார வைப்பதைப் பார்க்கவே நன்றாக இருக்கும். நடுவில் வெளியே விடுவதென்றால் முற்பகலில் விடுங்கள். சாயங்காலம்தான் சேவல் அதிகம் மிதிக்கும்.

சேவல் இல்லாவிட்டால் முட்டை நின்றுவிடுமோ என்று வீட்டில் யாராவது கேட்பார்கள். சாப்பாட்டு முட்டைக்குச் சேவலே தேவையில்லை. அடைக்கு வைப்பதானாலும், கடைசியாக மிதித்ததிலிருந்து ஒரு வாரம் பத்து நாள் வரை இடும் முட்டைகள் பெரும்பாலும் கருக்கூடியே இருக்கும்.

முதுகில் தோல் கிழிந்த பெட்டை இருந்தால் அதைத் தனியே எடுத்துவிடுங்கள். ரத்தச் சிவப்பைக் கண்டால் மற்றக் கோழிகளே கொத்திப் பெரிதாக்கும், ஈ மொய்த்துப் புழு வைக்கும். செட்டைக்கு அடியிலும் தூக்கிப் பாருங்கள், நீளமான கிழிசல் பல நேரம் அங்கேதான் ஒளிந்திருக்கும். ஆழமாக இருந்தால் கால்நடை மருந்தகத்துக்குக் கொண்டுபோங்கள். சேவலின் நகத்தில் கூர்நுனியை மட்டும் அரத்தால் தேய்த்துவிடலாம், உள்ளே ரத்தக்குழாய் ஓடுவதால் கொஞ்சமாகத்தான். அலகை வெட்டுவது, மூக்கில் மிளகாய்ப்பொடி வைப்பது போன்ற வைத்தியங்கள் எதுவும் வேண்டாம்.

வெளியே விட்ட பிறகு ஒரு கைப்பிடி கம்பு இறைத்துப் பாருங்கள். நல்ல சேவல் தானியத்தை எடுத்து எடுத்துக் கீழே போட்டு, கொக்கொக் என்று பெட்டைகளைக் கூப்பிடும். பருந்து நிழல் கண்டால் ஒரு சத்தம், தரையில் கீரியோ நாயோ வந்தால் வேறு சத்தம் என்று பிரித்தே எச்சரிக்கும். இவை தெரிய ஆரம்பித்தால் சேவல் வழிக்கு வருகிறது என்று கொள்ளலாம். இரண்டு மாதம் இத்தனையும் செய்தும் ஆள்மேல் பாய்ந்தால், அது அப்படித்தான், சில சேவல்கள் திருந்துவதில்லை. ஆடி வரை வலைக்குள்ளேயே வைத்துக்கொள்ளுங்கள். அதற்குப் பதிலாக வேறு சேவலைக் கருப்பனுக்கு விடலாமா என்பதைப் பூசாரியிடம்தான் கேட்க வேண்டும், அது என் துறை இல்லை. எப்படியானாலும் அதற்குக் கருக்கூடிய முட்டைகளை அடைக்கு வைக்காதீர்கள். மூர்க்கம் ஓரளவு வழிவழியாக வரும்.

கடைசியாக ராத்திரிக் கூவல். நேரங்கெட்டுக் கூவினால் ஆகாது என்று மாமியார் சொல்லியிருப்பார். சேவலின் உடம்புக்குள்ளேயே ஒரு கடிகாரம் ஓடுகிறது. ஜப்பானில் நகோயா பல்கலைக்கழகத்தார் 2013இல் வெளியிட்ட ஆய்வில், விளக்குப் போடுவதற்குச் சுமார் 2 மணி நேரம் முன்னதாகவே சேவல்கள் கூவின. எப்போதும் மங்கலான வெளிச்சத்திலேயே வைத்தபோதும் ஏறக்குறைய ஒரு நாளுக்கு ஒரு முறை அந்தக் கூவல் வந்துகொண்டிருந்தது. சாமக்கோழி என்று நம் ஊரில் சொல்வது சும்மா இல்லை. ஆனால் ராத்திரி 2 மணி என்பது விடியலுக்கு முந்தைய அந்த நேரத்துக்கும் முன்னாலேயே இருக்கிறது. திடீர் வெளிச்சமும் இன்னொரு சேவலின் குரலும்கூட அதைக் கிளப்பிவிடும். உங்கள் கூட்டுக்கு நேராகத் தெருவிளக்கு இருக்கிறதா, அந்த நேரத்துக்கு யாராவது வண்டி விளக்கைப் போட்டுக்கொண்டு திரும்புகிறார்களா என்று பாருங்கள். இருந்தால் அந்தப் பக்கம் மட்டும் கோணிச்சாக்கைக் கட்டிவிடுங்கள். மற்ற மூன்று பக்கமும் காற்றுக்குத் திறந்தே இருக்கட்டும்.