கேளுங்கள், சொல்கிறோம்: பஜ்ஜியும் மன உறுதியும்

ஒவ்வொரு ஞாயிறும் 'இனி எண்ணெய்ப் பலகாரம் வேண்டாம்' என்று முடிவெடுக்கிறேன். திங்கள் மாலை 5 மணிக்கு ஆபீஸ் வாசல் டீக்கடையில் கையில் பஜ்ஜியோடு நிற்கிறேன். எனக்கு மன உறுதி கிடையாதா?
— ஒரு வாசகர், சேலம்

மன உறுதியை விடுங்கள் சார். ஞாயிற்றுக்கிழமை மதியம் வயிறு நிறையச் சாப்பிட்டுவிட்டு முடிவெடுப்பது யாருக்கும் சுலபம். 1998-இல் வெளியான ஓர் ஆய்வில், ஆம்ஸ்டர்டாமில் வேலை பார்ப்பவர்களிடம் 'அடுத்த வாரம் தின்ன என்ன வேண்டும்' என்று முன்கூட்டியே கேட்டார்கள். பழம் என்று சொன்ன பலர், தட்டு எதிரே வந்த நேரத்தில் சாக்லேட் பக்கம் சாய்ந்துவிட்டார்கள்.

அது ஆசை என்றால், பழக்கம் இன்னும் மோசம். 2011-இல் உளவியலாளர் வெண்டி வுட் குழுவினர் அமெரிக்காவில் படம் பார்க்க வந்தவர்களில் சிலருக்குப் புதுப் பாப்கார்னும் சிலருக்கு ஒரு வாரம் ஆகி நமுத்துப்போனதும் கொடுத்தார்கள். தியேட்டர் என்றாலே பாப்கார்ன் என்று பழகியவர்கள் நமுத்ததையும், நன்றாக இல்லை என்று தெரிந்தே, கிட்டத்தட்ட அதே அளவு தின்று தீர்த்தார்கள். வழக்கமில்லாத கையால் எடுத்துத் தின்னச் சொன்னபோதுதான் அந்த ஓட்டம் நின்றது.

அதனால் 'பஜ்ஜி தின்ன மாட்டேன்' என்று சபதம் போடாதீர்கள், அப்படிச் சொல்லச் சொல்ல பஜ்ஜிதான் நினைவுக்கு வரும். 'நாலரை மணிக்கு டிராயரில் இருக்கும் சுண்டல் டப்பாவைத் திறப்பேன்' என்று நேரமும் இடமும் சேர்த்து முடிவெடுங்கள். ஜெர்மன் உளவியலாளர் பீட்டர் கோல்விட்சர் பல ஆண்டுகளாகச் சொல்லிவரும் வழி இது. முடிந்தால் டீயையும் வேறு கடையில் குடியுங்கள், எண்ணெய்ச் சட்டி இல்லாத கடையாகப் பார்த்து!

கம்பு, கேழ்வரகு நல்லது என்று எனக்குத் தெரிகிறது. ஆனாலும் வீட்டில் தினமும் அரிசிச் சோறுதான். ஏன்?
— ஒரு வாசகி, தஞ்சாவூர்

உங்களுக்குத் தெரிந்தால் மட்டும் போதுமா? ஒரு செயலில் இறங்கும் எண்ணம் எதனால் உருவாகிறது என்று உளவியலாளர் ஐசெக் அய்சன் 1991-இல் விரிவாக எழுதியவை மூன்று: அது நல்லது என்ற நம் நினைப்பு, நமக்கு வேண்டியவர்கள் என்ன நினைப்பார்கள் என்பது, அது நம் கையில் இருக்கிறதா என்பது. முதலாவது உங்களிடம் இருக்கிறது. மாமியார் முகம் சுளிப்பதும், பிள்ளைகள் தட்டைத் தள்ளுவதும், காலை அவசரத்தில் களி கிண்ட நேரமில்லாததும் மற்ற இரண்டில் வந்துவிடும். களியில் ஆரம்பிக்காமல், தோசை மாவில் கொஞ்சம் கேழ்வரகு மாவைக் கரைத்துப் பாருங்கள். ஊற்றும்போதே முறுகலாக எடுத்துவிட்டால் பெரும்பாலும் யாரும் கேள்வி கேட்க மாட்டார்கள்.

21 நாள் விடாமல் செய்தால் எந்தப் பழக்கமும் ஒட்டிக்கொள்ளுமாமே?
— ஒரு வாசகர், கோவை

அவ்வளவு சீக்கிரமா! லண்டன் யுனிவர்சிட்டி காலேஜில் 96 பேரை வைத்து நடத்தி 2010-இல் வெளியிட்ட ஆய்வில், நடுவாந்திரக் கணக்கு 66 நாள். சிலருக்கு 18 நாளே போதும் என்றும், சிலருக்கு 254 நாள் பிடிக்கும் என்றும் கணக்கு வந்தது. நடுவில் ஒரு நாள் விட்டுப்போனதால் பெரிய பாதிப்பு எதுவும் இல்லையாம்.